மேற்கு வெயிலைப் பார்த்துக் கட்டிய பவிலியன்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வன்னியில், பக்கத்து ஊரில் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. நாலரை மணிக்குத் தொடங்கியது. புதிதாகக் கட்டிய பவிலியனில் இருபது பேர்கூட இல்லை. சனம் முழுக்க எதிர்ப்பக்கத்தில், ஒரு வேம்புக்கும் இரண்டு பாலை மரத்துக்கும் கீழே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஏனென்றால் பவிலியன் மைதானத்தின் கிழக்குப் பக்கத்தில் மேற்கைப் பார்த்தபடி நிற்கிறது. பின்னேரச் சாய்ந்த வெயில் தகரக் கூரைக்குக் கீழால் வந்து நேரே முகத்தில் அடிக்கும்.

திடலின் நீளப்பாடு வடக்குத் தெற்காக இருக்க வேண்டும், அப்போதுதான் கோல் காப்பாளரின் கண் கூசாது. முக்கிய அரங்கு மேற்கில் இருந்தால் பார்க்கிறவருக்கு வெயில் முதுகுப் பக்கம். விளையாட்டரங்கு கட்டுகிறவர்களுக்கு இது அரிச்சுவடி. இதற்குக் காசு கூடத் தேவையில்லை, அதே சீமெந்து, அதே தகரம், மற்றப் பக்கத்தில் கட்டியிருந்தால் போதும். வெளியில் எங்கோ கீறிய படத்தைக் கொண்டுவந்து, வெறுங்காணியில் அப்படியே இறக்கிவிட்டுப் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பின்னேரத்தில் அந்தக் காணியில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மியூனிக்கில் 1972 ஒலிம்பிக்குக்குக் கட்டிய மைதானத்தைப் பற்றி வாசித்ததிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. கட்டடக் கலைஞர்கள் குந்தர் பேனிஷும் ஃப்ரை ஒட்டோவும் சேர்ந்து செய்த கூடாரம் போன்ற கூரையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது கீழே உள்ள மண். அரங்கை நிலத்துக்குள் பதித்துக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் உள்ள குன்று, இரண்டாம் உலகப் போரில் இடிந்த கட்டடங்களின் கற்குவியல். அதன்மேல் மண் போட்டுப் புல் வளர்த்து, இன்று பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். போரைக் கண்ட எங்கள் சனத்துக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. போர்த்துக்கலில் பிராகா நகரத்து மைதானத்தை சூட்டோ டி மோரா என்ற கட்டடக் கலைஞர் ஒரு கல்லுடைத்த மலையின் ஓரத்தில் கட்டினார், ஒரு கோலுக்குப் பின்னால் பாறைதான் சுவர். அவ்வளவு தூரம் ஏன், எங்கள் நாட்டுக் காலி நகரத்தில் கோட்டை மதிலில் ஏறி நின்று கிரிக்கெட் பார்க்கிறார்களே.

சரி, வன்னியில் என்ன இருக்கிறது? குளக்கட்டு இருக்கிறது. மண்ணை அணைத்துக் கட்டுவது எங்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த வேலை. மைதானத்தின் மேற்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கட்டு, உள்பக்கம் சாய்வாகப் புல், மேலே வரிசையாக மருதும் வேம்பும். கட்டின் அடியில் ஒரு வாய்க்கால், அதில் வெட்டி எடுக்கும் மண்ணும் கட்டுக்கே போகும். 68 மீட்டர் அகலத் திடலில் நடுப்பகுதி ஓரடி உயர்ந்திருந்தாலே மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் வடிந்துவிடும். இப்போது மார்கழியில் எங்கள் திடல்களில் எருமைதான் படுக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அன்று கழகத்தின் பழைய ஆட்டக்காரர் ஒரு அண்ணை, போரில் இரண்டு காலையும் இழந்தவர், சக்கர நாற்காலியில் வந்திருந்தார். பவிலியனுக்கு நாலு படி. தூக்கிவிடுகிறோம் என்று பெடியள் கேட்டார்கள், அவர் வேண்டாம் என்றுவிட்டு வெயிலிலேயே இருந்தார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு என்பது கணக்கு. இரண்டடிப் படிக்கு இருபத்துநாலு அடிச் சாய்தளம், அவ்வளவுதான். இத்தனை பேர் கை கால் இழந்த மண்ணில் அது படத்தின் முதல் கோடாக இருந்திருக்க வேண்டும். வலைப்பந்தாட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு உடை மாற்ற இடமில்லை, மலசலகூடத்துக்குத் தண்ணீர் இல்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

கட்டியதை இடிக்கச் சொல்லவில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் கழகத் திடலின் மேற்கு எல்லையில் மரம் நடுவதென்று பேசியிருக்கிறோம். மருதங்கன்று வைத்திருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.