சென்னையில் பத்து ஆண்டில் 24 இலட்சம் பேர் கூடவில்லை

இணையத்தில் பகிரப்பட்ட ஒரு படம் சொல்வது இது: 2001இல் 43 இலட்சமாக இருந்த சென்னைச் சனத்தொகை 2011இல் 67 இலட்சம் ஆகிவிட்டது, காரணம் வெளியூர்க்காரரின் வருகை. இரண்டு எண்ணும் பொய்யில்லை, ஆனால் ஒரே பரப்புக்கு உரியவை அல்ல.

2011 அக்டோபரில் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீற்றரிலிருந்து 426 ஆக விரிந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் உட்பட 42 உள்ளூராட்சி அமைப்புகள் சேர்க்கப்பட்டன. 67 இலட்சம் அந்தப் பெரிய பரப்புக்கானது. பழைய எல்லைக்குள் 2001இல் 43,43,645 பேர், 2011இல் 46,46,732 பேர். கூடியது ஏறத்தாழ 7 வீதம்தான். நாளைக்கே நல்லூர்ப் பிரதேச சபையை யாழ் மாநகர சபையோடு இணைத்தால் மாநகரச் சனத்தொகை ஒரே இரவில் ஏறும், ஆனால் ஒருவரும் வீடு மாறியிருக்கமாட்டார்கள்.

சரிபார்க்க விரும்புபவர்கள் இந்தியக் குடிசனக் கணக்கெடுப்பு இணையத்தளத்தில் 2011, தமிழ்நாடு, மாவட்டக் குறியீடு 603 எனத் தேடுங்கள். அந்நேரம் சென்னை மாவட்டமும் பழைய மாநகராட்சியும் ஒரே எல்லை. அம்பத்தூரை அங்கே காணமாட்டீர்கள், அது திருவள்ளூர் மாவட்டக் கணக்கில் இருக்கும். எந்த அட்டவணையானாலும் முதலில் பரப்பளவு நிரலைப் பாருங்கள் (விக்கிப்பீடியாவில் இரண்டு எண்ணும் கலந்தே வரும்).

இடம்பெயர்ந்து வந்தோர் எத்தனை பேர், வேலைக்கா திருமணத்துக்கா என்பதெல்லாம் டி-3 என்ற தனி அட்டவணையில் உண்டு. மொத்தச் சனத்தொகையைக் கழித்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.