நேற்று வரை ஓடிய மோடம் இன்று எப்படிச் செத்தது?

போன வாரம் எங்கள் தெருவில் இருக்கும் டீச்சர் ஒருவர் கூப்பிட்டார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்று லேப்டாப்பைக் கடையில் கொடுத்து விண்டோஸ் 11 ஏற்றியிருக்கிறார். வீட்டுக்கு வந்து திறந்தால் வைஃபை இல்லை. கடையில் கேட்டதற்கு, "வைஃபை கார்டு போயிருச்சு மேடம், புதுசு போடணும்" என்றார்களாம். என் போனை யூஎஸ்பி வயரில் மாட்டி, அதன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்து, லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரை, அதாவது அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளை, இறக்கிப் போட்டேன். கால் மணி நேரம்தான் ஆனது. கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வரும்போது கோவில்பட்டி அண்ணாச்சி ஞாபகமாகவே இருந்தது.

2003, ஐப்பசி. அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். மகன் மஸ்கட்டில். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டயலப் போட்டு, அதாவது மோடம் என்ற கருவியால் போன் லைன் வழியாக நெட்டுக்குப் போய், மகனின் மெயிலைப் படித்துவிட்டுத்தான் படுப்பார். விண்டோஸ் 98 ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் கடைப் பையன் வந்து விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றினான். அப்போதிலிருந்து லைன் போகவில்லை. இடி இறங்கி மோடம் எரிந்துவிட்டது, புதுசுக்கு 900 ரூபாய் ஆகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். போன் வயர் வழியாக இடி பாய்ந்து மோடம் எரிவது அந்தக் காலத்தில் சாதாரணம். அதனால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அண்ணாச்சி மட்டும் என்னிடம் கேட்டார்:

"தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் மெயில் பாத்தேன். எக்ஸ்பி போட்டது இன்னிக்குக் காலைல. நடுவுல இடியே இடிக்கலையேப்பா?"

கம்ப்யூட்டர் படிக்காத மனிதர் கேட்ட கேள்வி இது. கடையில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் கேள்விக்குறியோடு 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்' என்று ஒரு வரி. மோடம் என்ற பெயரே இல்லை. ஆனால் அந்த வரிதான் மோடம். மோடம் கார்டு தன்னை அடையாளம் காட்டுகிறது, அதை எப்படி இயக்குவது என்று எக்ஸ்பிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். போன் வயர் சேரும் பக்கம் மட்டும் எரிந்திருக்க வாய்ப்பு உண்டு, சரி. ஆனால் டிரைவர் போட்டுப் பார்க்காமல் அதையும் சொல்ல முடியாது.

அன்றைக்கு மலிவாக விற்ற, கம்ப்யூட்டருக்குள்ளேயே மாட்டும் உள் மோடம்கள் பெரும்பாலும் வின்மோடம்கள் என்ற வகை. தகவலை ஒலியாக்கி போன் லைனில் அனுப்புவதும், வரும் ஒலியைத் திரும்பத் தகவலாக்குவதும்தான் மோடத்தின் வேலை. பழைய வெளி மோடம்களில் இதற்கென்று தனிச் சில்லு இருந்தது. 1981-ல் ஹேய்ஸ் கம்பெனியின் ஸ்மார்ட்மோடத்தோடு வந்த ஏடி கட்டளைகள் என்ற எழுத்துக் கட்டளைகளை அனுப்பினால் போதும், எந்தக் கம்ப்யூட்டரோடும் அது பேசும். வின்மோடத்தில் அந்தக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரின் பிராசஸரே போட வேண்டும். போட வைப்பது டிரைவர். அதாவது பாதி மோடம் டிரைவருக்குள் இருக்கிறது. 98-க்கு எழுதிய விஎக்ஸ்டி வகை டிரைவர், விண்டோஸ் என்டி என்ற வேறு குடும்பத்தில் வந்த எக்ஸ்பியில் ஓடவே ஓடாது.

டிரைவர் நெட்டில் இருக்கிறது. நெட்டுக்குப் போக டிரைவர் வேண்டும். அன்று யார் கையிலும் இன்றைய போன் இல்லை. கேபினெட்டைத் திறந்து, சில்லின் மேல் பொடி எழுத்தில் இருந்த நம்பரைப் பேப்பரில் எழுதிக்கொண்டு, திருநெல்வேலிக்கு பஸ் ஏறி, ஒரு பிரவுசிங் சென்டரில் தேடி எடுத்தேன். ஒரு பிளாப்பியில் 1.44 எம்பிதான் கொள்ளும் என்பதால் இரண்டாகப் பிரித்து எழுதினேன். ஊருக்கு வந்து போட்டால் இரண்டாவது பிளாப்பி படிக்கவில்லை. மறுநாள் மறுபடியும் திருநெல்வேலி.

டிரைவர் ஏறியதும், மோடம் பதில் சொல்கிறதா என்று சோதிக்கும் குவெரி மோடம் பொத்தானை அழுத்தினேன். வரிசையாகப் பதில் வந்தது. கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் இனி பிரச்சினை இல்லை. ஆனாலும் டயல் செய்தால் பிழை எண் 680, டயல் டோன் இல்லை என்று வந்தது. போனை எடுத்துக் கேட்டால் டோன் நன்றாகவே இருக்கிறது. எக்ஸ்பி ஏற்றியபோது நாட்டின் பெயரை அமெரிக்கா என்றே விட்டிருந்தார்கள். அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்தது. நம்முடையது 400 ஹெர்ட்ஸ், 25 ஹெர்ட்ஸில் ஏறி இறங்குவது. அதனால் மோடம் நம் டோனை டோனாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியா என்று மாற்றி, கூடுதல் கட்டளைப் பெட்டியில் எக்ஸ்3 என்று போட்டேன். டோனுக்குக் காத்திருக்காமல் நேராக டயல் செய் என்பது அதன் பொருள். கீச்சிட்டு, இரைந்து, அப்புறம் அமைதியானது. ராத்திரி ஒன்பதரைக்கு அண்ணாச்சி மகனின் மெயிலைப் படித்தார்.

பிழை எண் என்பது சும்மா வருவதில்லை. 680 வந்தால் லைனையும் டோனையும் பார்க்க வேண்டும். 678 என்றால் அந்தப் பக்கம் எடுக்கவில்லை. 691 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. அது வந்துவிட்டாலே மோடம் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் எதிர்முனை வரை போய்ப் பேசிவிட்டுத்தான் அந்தப் பதிலைக் கொண்டு வருகிறது. இத்தனையையும் கம்ப்யூட்டரே சொல்லும்போது, அதைப் படிக்காமல் "போயிருச்சு" என்று சொல்லிப் புதுசை விற்பது தவறு. தெரியாமல் செய்தாலும் தவறுதான். தொழில் தெரியும் என்று நம்பித்தானே மக்கள் கொண்டு வந்து கொடுக்கிறார்கள்?

சிஸ்டத்தை மாற்றித் தருகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பழையதை அழிக்கும் முன், புது சிஸ்டத்துக்கான நெட்வொர்க் டிரைவரை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மெஷினைக் கொடுக்கும் முன் நெட் போகிறதா என்று அந்த வீட்டு ஆட்களின் கண் முன்னால் காட்டுங்கள். போகவில்லை என்றால், என்ன பிழை வந்தது என்று பில்லின் பின்பக்கமாவது எழுதிக் கொடுங்கள்.

டீச்சர் அந்தப் புதுக் கார்டுக்காக 500 ரூபாய் முன்பணம் கட்டியிருக்கிறார். நாளை சாயங்காலம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவரோடு நானும் அந்தக் கடைக்குப் போகிறேன்.