வரிப் பட்டியலில் சேராத செல்வம்

1957 முதல் 2015 வரை நம் நாட்டில் செல்வ வரி என்றொரு வரி இருந்தது. அதன் கடைசி ஆண்டுகளில், நிகரச் செல்வம் 30 இலட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் கட்ட வேண்டும். எவையெல்லாம் செல்வம் என்று சட்டம் ஒரு பட்டியலே வைத்திருந்தது: வீடு, கார், நகை, தங்க வெள்ளிக் கட்டிகள், படகு, விமானம், நகர்ப்புற மனை, 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கக் கையிருப்பு. வரி வசூலிப்பவர் இப்படித்தான் கணக்கெடுக்க முடியும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரியே போன பிறகும் நாம் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் அளந்துகொண்டிருக்கிறோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. சம்பந்தம் பேசும் இடத்திலும் பழைய மாணவர் சந்திப்பிலும் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய அந்தச் சட்டத்தின் உட்பிரிவுகளாகவே இருக்கின்றன. (விமானத்தைப் பற்றி மட்டும் என்னிடம் இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.)

மன்னார்குடியில் எங்கள் தெருமுனைத் தையற்கடை வாசலில் ஒரு மரப்பலகை கிடக்கிறது. வெயில் தாழ்ந்ததும் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், நெல் தரகர் ஒருவர், நான், வழியில் போகிறவர்களில் இரண்டொருவர் என்று அங்கே கூடிவிடுவோம். மேட்டூர் நீர்மட்டம் 120 அடியை எட்டுமா, இந்த ஆண்டாவது ஜூன் 12இல் தண்ணீர் திறப்பார்களா என்று தொடங்கும் பேச்சு, ஒருவருடைய முழங்கால் வலியையும் இன்னொருவருடைய மகனின் வேலைத் தேடலையும் சுற்றிக்கொண்டு, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடியும். அங்கே எவரும் எவரிடமும் எதையும் விற்பதில்லை. யாருக்கும் யாரிடமும் ஆக வேண்டிய காரியம் இல்லை. ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அவர் வீட்டுக் கதவை யாராவது தட்டிக் கேட்டுவிட்டு வருகிறார்கள். காசு கொடுத்து ஆள் வைத்தால் மருந்து வாங்கி வரச் செய்யலாம், வாசலில் காவல் நிற்கச் செய்யலாம். வரவில்லையே என்று தேடச் செய்ய முடியாது. என்னிடம் இருக்கும் செல்வத்தைச் சொல் என்று கேட்டால், முதலில் இதைத்தான் எழுதுவேன்.

எளிமையே செல்வம் என்ற உபதேசத்தை நான் இங்கே செய்ய வரவில்லை. மாத வாடகைக்கும் பிள்ளையின் கட்டணத்துக்கும் அலைகிறவரிடம் மாலைக்காற்று இலவசம் என்று சொல்வது, வயிறு நிறைந்தவர்கள் செய்கிற குறும்பு. அவருக்கு முதலில் வேண்டியது கூலி. பணத்தால் வாங்க முடியாத செல்வங்களை அனுபவிக்கவும் ஓரளவு பணம் தரும் நிம்மதி தேவைப்படுகிறது. அதைவிட முக்கியமாக, நமக்கே உரிய ஒரு மணி நேரம் தேவைப்படுகிறது.

அந்த ஒரு மணி நேரம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. தையற்கடைப் பலகையில் ஒரு பெண் உட்கார்ந்து நான் இதுவரை பார்த்ததில்லை. 2019இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள்தாம். நான் பலகையில் அமர்ந்து காவிரியைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் வீட்டில் ஒருவர் அடுப்படியில் நிற்கிறார் என்பதுதான் இந்த எண்களுக்கு எங்கள் தெருவில் பொருள். பொருள் சாராத செல்வம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதிலும் உள்ளவர், இல்லாதவர் உண்டு. நிலத்தைப் பங்கிடுவது பற்றி ஒரு நூற்றாண்டாகப் பேசிவரும் இந்த மாவட்டத்தில், நேரத்தைப் பங்கிடுவது பற்றிப் பேச்சே எழுவதில்லை.

பங்கிட முடியாத காரியம் அல்ல இது. 1931இல் எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குச் சென்றார்கள். படிக்க விரும்பியவர் நூலகத்தைத் தேடி நடக்க வேண்டியிருக்கவில்லை, நூலகம் அவரைத் தேடி வந்தது. அதே ஆண்டில், சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கென்று வகுத்துத் தந்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. பிறகு 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்திருப்பது அதனால்தான். ஊர்ப்புற நூலகத்தின் மேசையில் கிடக்கும் நாளிதழ் யாருடைய சொத்தும் அல்ல, ஆனால் அதை விரித்துப் படிக்கிற எவரும் அந்த அரைமணி நேரம் செல்வர்தான். இத்தகைய பொது இடங்கள் மாலையில் விளக்கெரிந்து, கழிப்பறையோடு, பெண்கள் தயங்காமல் வந்து உட்காரும்படி இருந்தால், தையற்கடைப் பலகையில் எனக்குக் கிடைப்பது அவர்களுக்கும் கிடைக்கும்.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் பாதி நாள் இரவுச் சமையல் என்னுடையது. அந்த நாள்களில் என் மனைவி பக்கத்துத் தெருத் தோழியுடன் ஹரித்ராநதி தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்பதில்லை. ரசத்தில் உப்பு போதவில்லை என்பதை மட்டும் அவர் தவறாமல் சொல்லிவிடுகிறார்.