குரோனோஸை வில்லனாக மட்டும் பார்ப்பதா?

கிரேக்கப் புராணத்தில் வரும் குரோனோஸைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். பெற்ற பிள்ளைகளையே விழுங்கிய கொடுங்கோலன் என்பதோடு அவன் கதையைக் கட்டுரையாளர் முடித்துவிட்டார். அப்பா யுரேனஸை அரிவாளால் வெட்டி அரியணை ஏறியவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையைப் பாடிய அதே பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹெசியோட், 'வேலைகளும் நாட்களும்' நூலில் குரோனோஸ் ஆண்ட காலத்தைப் பொற்கால மனிதர்களின் காலம் என்கிறார். உழாமலே நிலம் விளைந்ததாம், முதுமையின் தள்ளாமை கிடையாதாம், சாவுகூடத் தூக்கம் போலத்தான் வந்ததாம். ஏதென்ஸ்காரர்கள் கோடையில் அவனுக்குக் குரோனியா என்று விழாவே எடுத்தார்கள். அன்று எஜமானரும் அடிமைகளும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். வெறும் வில்லனுக்கு யார் இப்படி விழா எடுப்பார்கள்?

அப்புறம் அந்தக் கல். குழந்தை ஸியூஸுக்குப் பதிலாக விழுங்கட்டும் என்று குரோனோஸின் மனைவி ரியா துணியில் சுற்றிக் கொடுத்தது. பின்னாளில் குரோனோஸ் கக்கியபோது முதலில் வெளியே வந்ததும் அதுதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் புனிதத் தலமான டெல்பிக்குப் போன பயண எழுத்தாளர் பவுசானியாஸ் அங்கே ஒரு கல்லைப் பார்த்திருக்கிறார், அப்படியொன்றும் பெரிதில்லை என்கிறார். தினமும் அதன்மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள், விழா நாட்களில் நூற்காத கம்பளியை வைப்பார்கள். குரோனோஸ் விழுங்கிய கல் அதுதான் என்று ஊரில் பேச்சு. இவ்வளவு நீளக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லையே!