ஒரே அமர்வில் பிறந்த இசைத்தட்டு

ஆர்சக்கேல் என்று ஒரு குழு. ராக் இசையில் ஊறிக் கிடப்பவர்களிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1969இல் ஒரே ஒரு ஆல்பம், அதோடு சரி.

ஸ்டீவ் ஹில்லேஜ், டேவ் ஸ்டூவர்ட், மான்ட் கேம்பெல் மூவரும் சிட்டி ஆஃப் லண்டன் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள். டிரம்ஸுக்கு கிளைவ் புரூக்ஸைச் சேர்த்துக்கொண்டு யூரியல் என்ற பெயரில் வாசித்தார்கள். 1968இல் ஹில்லேஜ் குழுவை விட்டுப் படிக்கப் போனார். மற்ற மூவரும் 'எக்' என்று பெயரை மாற்றி, டெக்கா இசைத்தட்டு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். அந்த நேரம் பார்த்து வேறொரு இடத்திலிருந்து, சைகடெலிக் (கனவு மயக்கம் போன்ற ராக் இசை) ஆல்பம் ஒன்று வாசித்துத் தருகிறீர்களா என்று கேட்டு வந்தார்கள். ஹில்லேஜைத் திரும்ப அழைத்தார்கள். ஒப்பந்தம் இருந்ததால் சொந்தப் பெயர் போட வழியில்லை. ஹில்லேஜ் 'சைமன் சாஸ்பரெல்லா' ஆனார், மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு புனைபெயர். குழுவுக்கு நிலாவில் உள்ள ஒரு பள்ளத்தின் பெயர்: ஆர்சக்கேல். (11ஆம் நூற்றாண்டில் டொலேடோவில் வாழ்ந்த வானியலாளர் அல்-சர்காலியின் பெயரைத்தான் அந்தப் பள்ளத்துக்கு வைத்திருக்கிறார்கள்.)

ஜூன் மாதம் ஒரே அமர்வில் மொத்தமும் பதிவாகி முடிந்தது. அப்போது ஹில்லேஜுக்கு 17 வயது.

இன்னும் நாலு நாள் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக வந்திருக்கும் என்று சிலர் சொல்லும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். நேரம் எடுத்துச் செய்தால் எப்படியிருக்கும் என்பதற்குத்தான் எக் ஆல்பங்கள் இருக்கின்றனவே! கணக்குப் போட்டு நெய்த தாளங்கள், பிசிறில்லாத வாசிப்பு. எனக்கும் பிடிக்கும். ஆனால் அங்கே இல்லாத ஒன்று இந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் இரண்டே பாடல்கள். கடைசியில் வரும் 'மெடெம்சைகோசிஸ்' பதினாறு நிமிடத்துக்கு மேல் ஓடும். உயிர் ஒரு உடலை விட்டு இன்னொன்றுக்குப் போவதைச் சொல்லும் சொல் அது. ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஸ்டூவர்ட்டின் ஆர்கன் புகைபோலக் கிளம்பிப் பரவும். ஹில்லேஜின் கிட்டார் அதைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறும். அடுத்து எங்கே போகிறோம் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாது என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் கை நிற்காது. மறுநாள் வந்து திருத்திக்கொள்ளலாம் என்ற நினைப்பு இருந்திருந்தால் இப்படி வாசித்திருப்பார்களா? மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

அப்புறம் ஹில்லேஜ் 'காங்' குழுவில் பேர் வாங்கினார். ஸ்டூவர்ட், பார்பரா காஸ்கினோடு சேர்ந்து 1981இல் பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடமே பிடித்தார். புரூக்ஸ் 2017இல் இறந்துவிட்டார். அதற்குப் பத்து வருடம் முன்பு, 2007இல், இந்த ஆல்பம் மறுபடி வெளிவந்தபோது அட்டையில் பழைய பெயரும் திரும்பி வந்திருந்தது: யூரியல்.