குன்றின் மேல் எதற்கு ஸ்பீக்கர்?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் செங்குத்தாக எழும் குன்றுகளின் மேல், கோடை வெயிலையும் கொசுக்கடியையும் பொறுத்துக்கொண்டு தனியாக நடப்பது, காற்றையும் பறவைகளையும் கேட்பதற்காகத்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் பையில் புளூடூத் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டு, காடு முழுவதற்கும் தம் பாட்டைத் திணித்தபடி எதிரே வருகிறார். இயர்போன் என்ற ஒன்று இருப்பதே இவர்களுக்குத் தெரியாதா? இந்தக் குன்றுகள் அமைந்த, 1949இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்ட எஃபிஜி மவுண்ட்ஸில், கரடி, பறவை வடிவங்கள் உட்பட, பூர்வகுடிகள் எழுப்பிய 200க்கும் மேற்பட்ட மண்மேடுகள் இருக்கின்றன. அவற்றுள் பல, இறந்தோரை அடக்கம் செய்த இடங்கள். தம் பாட்டனாரின் கல்லறையருகே இப்படி அலறவிடுவார்களா? ஆறு கண்முன் விரியும் ஃபயர் பாயிண்டிலாவது நிறுத்துவார்கள் என்று பார்த்தால், அங்கேதான் ஒலியை இன்னும் கூட்டுகிறார்கள்!