பைலட் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கலாமா?

போன வாரம் திருச்சியிலிருந்து சித்தி போன் செய்தாள். மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறதாம். பையன் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி, ஏ320 ரக விமானம் ஓட்டுகிறான், பேஸ் (டூட்டி தொடங்கி முடியும் ஊர்) ஐதராபாத். "நீதான் பதினோரு வருஷமா ஒரு பைலட்டோட குடும்பம் நடத்துறியே, குடுக்கலாமாடி?" என்றாள். சம்பளம் எவ்வளவு என்பதை அவளே எனக்குச் சொன்னாள். ஏர்ஹோஸ்டஸ் பற்றிய கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்டாள் (இதைக் கேட்காத சொந்தக்காரர் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஒரே நாளில் நாலு முறை ஏறி இறங்கியவருக்கு ஹோட்டல் அறையில் தலையணை தவிர வேறொன்றும் கண்ணில் படாது). கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

பைலட் வீட்டில் கஷ்டம் என்றால் பிரிவுதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கப்பலில் போகிறவர், வளைகுடாவில் இருக்கிறவர் வீடுகளோடு பார்த்தால் எங்களுடையதெல்லாம் பிரிவே இல்லை. இந்தியாவில் ஒரு பைலட் வருடத்துக்கு 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பது சட்டம். என் வீட்டுக்காரர் உள்நாட்டு விமானம்தான் ஓட்டுகிறார், மாதத்தில் பாதி இரவுக்கு மேல் வீட்டில்தான். ஆனால் எந்தப் பாதி என்பதை நானோ அவரோ முடிவு செய்வதில்லை. கம்பெனி போடும் டூட்டி அட்டவணையான ரோஸ்டர் முடிவு செய்கிறது. அதற்குப் பஞ்சாங்கமும் தெரியாது, பள்ளிக்கூட ஆண்டு விழாவும் தெரியாது.

வீட்டில் இருக்கும் நேரத்திலும் மனிதர் முழுதாக இருக்க மாட்டார். இரவு முழுக்க ஓட்டிவிட்டுக் காலை ஏழரைக்கு வருவார். பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்கு ஓடும் நேரம் அது. அப்புறம் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார், நான் குக்கர் வைக்காமல் சாதம் வடிப்பேன். என் சின்ன மகள் பேசக் கற்றுக்கொண்டதே கிசுகிசுப்பாகத்தான். அப்பா ஊரில் இல்லாத நாளிலும் மதியம் வரை மெதுவாகவே பேசுவாள். அதைக் கவனித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

விதிமுறைகள் வேறு வீட்டுக்குள் வந்து உட்காரும். டூட்டிக்கு முன் பிரெத் அனலைசரில் ஊத வேண்டும். முதல் தடவை மாட்டினாலே மூன்று மாதம் லைசென்ஸ் சஸ்பெண்ட். ஒருமுறை சளி பிடித்திருந்தபோது அத்தை பாசத்தோடு தசமூலாரிஷ்டத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டார். அரிஷ்டத்தில் ஆல்கஹால் உண்டு என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. "நாங்க பிரசவிச்சவங்களுக்கே குடுப்போம்" என்று இன்றுவரை வருத்தம்தான்.

2025 டிசம்பரில் இண்டிகோவின் விமானங்கள் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ரத்தானபோது, பைலட்டுகளின் ஓய்வு விதிதான் காரணம் என்று டிவியில் கத்தினார்கள். அந்த விதி என்ன தெரியுமா? வார ஓய்வு 36 மணி நேரமாக இருந்ததை 48 ஆக்கினார்கள். இரவு நேர லேண்டிங்குகளைக் குறைத்தார்கள். லீவு எடுத்தால் அதை வார ஓய்வுக் கணக்கில் கழிக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். நெருக்கடி வந்ததும் விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ முதலில் விலக்கிக்கொண்டது அந்த லீவு விஷயத்தைத்தான். விதி வரப்போவது 2024 ஜனவரியிலிருந்தே தெரியும், ஆள் எடுக்காதது யார் தப்பு? பயணிகளின் கோபம் நியாயம்தான். ஆனால் பைலட் சோம்பேறி என்று எழுதியவர்களை நான் நட்புப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டேன். அந்தக் கூடுதல் 12 மணி நேரத்தில்தான் எங்கள் வீட்டில் அப்பாவும் மகளும் சேர்ந்து சைக்கிள் பழகினார்கள்.

"வேலையையும் குடும்பத்தையும் எப்படி பேலன்ஸ் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் ஆண் பைலட்டுகள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: மனைவி பார்த்துக்கொள்கிறாள். அது பேலன்ஸ் இல்லை சார், ஒரு தட்டை இன்னொருத்தர் கையால் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் வங்கியில் இருக்கிறேன். புரமோஷன் வாங்கினால் டிரான்ஸ்ஃபர் என்பதால் இரண்டு முறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் என்னை ஒருநாளும் கட்டாயப்படுத்தியதில்லை. ஆனால் குழந்தைக்கு நூற்றிரண்டு ஜுரம் என்றால் ஏற்கெனவே கிளம்பிவிட்ட விமானத்திலிருந்து யாரும் இறங்கி வர முடியாது. நான்தான் கவுண்டரை மூடிவிட்டு ஓட வேண்டும்.

பெண் பைலட்டுகளை நினைத்துப் பார்க்கிறேன். இந்தியாவில் சுமார் 15 சதவீதம் பேர், உலக சராசரியைப் போல மூன்று மடங்கு என்று பெருமையாகச் சொல்கிறோம். அவர்களுக்கு யார் "மனைவி"? விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு அம்மாவோ மாமியாரோ அந்த வீட்டில் இருப்பார். நம் சென்னையின் உஷா சுந்தரம் வேறு வழி கண்டவர். கணவர் கேப்டன் வி. சுந்தரமும் பைலட், இருவரும் சேர்ந்தே ஓட்டினார்கள். 1951-இல் இங்கிலாந்திலிருந்து டவ் என்ற சிறிய ரக விமானம் ஒன்றை 27 மணி நேரத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு பிராணிகளைக் காக்கும் ப்ளூ கிராஸைத் தொடங்கியதும் அதே குடும்பம்தான். சண்டை வந்தாலும் காக்பிட்டிலேயே முடித்துக்கொண்டிருப்பார்கள் போல. நமக்கு அது வாய்க்குமா?

சரி, சித்திக்கு என்ன சொன்னேன்? கொடுக்கலாம் என்றுதான் சொன்னேன். அவர் தூங்கி எழுந்து நல்ல காபி கிடைத்த நாட்களில் என் வீட்டுக்காரரைப் போல ஒரு மனிதர் கிடையாது. ஆனால் தங்கையிடம் தனியாகப் பேசச் சொன்னேன். அவள் வேலையை ஐதராபாத்துக்கு மாற்ற முடியுமா, இரண்டு வருடத்தில் பேஸ் மாறினால் என்ன செய்வார்கள், குழந்தை பிறந்தால் கூட இருக்கப்போவது யார், தீபாவளியைத் தேதி மாற்றிக் கொண்டாட அவளுக்கு மனசு வருமா. பையன் வேறு கம்பெனிக்குத் தாவ நினைத்தாலும் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம் நோட்டீஸ் உண்டு என்பதையும் சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். பையனின் அப்பா, அம்மா, அத்தை, மாமா எல்லோரும் வருவது உறுதியாம். பையனுக்கு மட்டும் அன்று, கூப்பிட்டால் ஓட வேண்டிய ஸ்டாண்ட்பை டூட்டி.